மூன்றாவது க்ளவுடில் ஐந்து பிணங்கள்!

“அய்யய்யோ... செத்துட்டான்!”

பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, அந்தக் கம்பெனியின் நாலாவது மாடியில் கேட்டது அந்த அலறல்.

சாப்பிட்டுவிட்டு அரைக்கண் மூடியிருந்த மாடி, தூக்கிவாரிப்போட்டு எழுந்தது.

“மறுபடியுமா?” என்றது யாரோ ஒருவரின் குரல்.

“நாலாவது ஆள்! அதே இடம்... அதே மாதிரி... பொறந்து சரியா நாலாவது நிமிஷம்! இது சாவு இல்லை. கொலை!”

அலறியவள் அந்த ஆபீஸின் டெஸ்டர். வயது முப்பத்தொன்று. எதையும் லேசில் நம்பாத பிறவி. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். நாலாவது தடவை இழுத்ததில் பூட்டே கழன்று கையோடு வந்த கதையும் உண்டு. அதனால் ஆபீஸில் அவளுக்கு ‘சி.ஐ.டி.’ என்று பட்டப்பெயர்.

வாசல் மேஜையில் இருந்த ரிசப்ஷனிஸ்ட் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாள். நாலு பேர் செத்தது காதில் விழுந்தது. கொலை என்றதும் விழுந்தது. அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. போனை எடுத்தாள்!

பன்னிரண்டே நிமிடத்தில் லிஃப்ட் திறந்தது.

முதலில் ஒரு மீசை வந்தது. அதன் பின்னால் இன்ஸ்பெக்டர் வந்தார்.

“யாரும் எதையும் தொடாதீங்க! யார் முதல்ல பார்த்தது?”

ரிசப்ஷனிஸ்ட் விரலை நீட்டினாள். “இதோ... இவங்கதான் சார் சி.ஐ.டி.”

இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“அது பட்டப்பெயர் சார்” என்றாள் டெஸ்டர்.

அவர் அடித்த கையாலேயே பின்தலையைச் சொறிந்துகொண்டார். “சரி, சரி! பாடி எங்கே?”

“பாடி இல்லை சார்.”

“மறைச்சுட்டாங்களா?”

“க்ளவுட்ல இருந்துச்சு. இப்ப அங்கேயும் இல்லை.”

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். அங்கே ஒரு ஃபேன்தான் இருந்தது.

“செத்தது மனுஷன் இல்லை சார். கம்ப்யூட்டர். அதுவும் கையால தொட முடியாத கம்ப்யூட்டர்.”

“என்னம்மா... ஆவியா?”

“கிட்டத்தட்ட! எங்கேயோ ஒரு பெரிய கம்பெனி, மலை மலையா கம்ப்யூட்டரைக் குவிச்சு வச்சிருக்கும். அதுல ஒரு துண்டை நமக்கு வாடகைக்குத் தரும். அதுக்குத்தான் க்ளவுட்னு பேர். அந்தத் துண்டுக்கு உயிர் வரணும்னா உள்ளே லினக்ஸ்னு ஒரு அடிப்படை ப்ரோக்ராம் போடணும். அந்த லினக்ஸை நாங்க அச்சு மாதிரி செஞ்சு தர்றோம். இமேஜ்னு சொல்லுவோம். ஒரு இமேஜ் இருந்தா போதும், ஆயிரம் மெஷின் வார்த்துக்கலாம்.”

“நீங்கதான் செய்யறீங்களா?”

“இல்லை சார். செய்யறவங்க வேற. செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கறது என் வேலை. மூணு கம்பெனி க்ளவுட்லயும் ஒவ்வொரு மெஷினைப் பொறக்க வச்சு, பதினோரு நிமிஷம் பரீட்சை வப்பேன். பாஸாச்சுன்னா நாங்களே அழிச்சுடுவோம்.”

“பாஸானாலும் கொன்னுடுவீங்களா?”

“அது... இயற்கை மரணம் சார்!”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் அவருக்கு மாட்டியதில்லை. விட மனசில்லை.

“மேலே சொல்லுங்க.”

“முதல் க்ளவுட்ல பாஸ். ரெண்டாவதுல பாஸ். மூணாவதுல மட்டும் நாலாவது நிமிஷம் பொட்டுனு போயிடுது. ஒரு முனகல்கூட இல்லை. காலையிலேர்ந்து நாலு போயாச்சு.”

“அந்த இமேஜைச் செய்யறவர் யாரு?”

டெஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“என் மாமியார்.”

இன்ஸ்பெக்டரின் மீசை இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.

“என்னது? மாமியார் செய்யறதுல குத்தம் கண்டுபிடிக்க உங்களுக்கு மாசாமாசம் சம்பளமா? என் வீட்டுக்காரி இதை இத்தனை வருஷமா ஓசியில பண்ணிட்டிருக்காம்மா!”

“சிரிக்காதீங்க சார். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வாழ்க்கையே முடியப் போகுது!”

விஷயம் இதுதான். இப்போது வெளியில் புழங்கும் பழைய இமேஜில் ஓர் ஓட்டை. வேண்டாதவர்கள் உள்ளே நுழையலாம். அந்த ஓட்டையை அடைத்த புது இமேஜ் வெளியாவது ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. அன்று காலை மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்குள் மூன்று க்ளவுடிலும் பாஸாகி வெளியே போனால் சரி. போகவில்லை என்றால், மாமியாருக்கு ஓய்வு. பூங்கொத்து, பொன்னாடை, வீட்டுக்கு வண்டி!

வீட்டுக்கு... நாளெல்லாம்... வீட்டுக்கு!

ஞாயிறு ஒரு நாள் வீட்டில் இருந்தால் போதும், ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்று அத்தை சீட்டு எழுதி ஒட்டிவிடுவார். துணி மடிக்கும் விதத்துக்கு ஒரு சீட்டு. குழாய் மூடும் விதத்துக்கு ஒரு சீட்டு. வாரம் ஏழு நாளும் என்றால் சுவர் எங்கே பத்தும்? அந்த மெஷின் பிழைக்க வேண்டும் என்று உலகத்தில் அவளைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் யாரும் இருந்திருக்க முடியாது.

டக்... டக்... டக்...

செருப்புச் சத்தம்!

வந்தார் மாமியார். ஐம்பத்து மூன்று வயது. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“என்னம்மா, என் பிள்ளையைக் கொன்னுட்டியாமே?”

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். “மகனையுமா?”

“மகனுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கான். நான் என் இமேஜைச் சொல்றேன். நீங்க யாரு?”

“போலீஸ்.”

“நல்லதாப் போச்சு. இவளை விசாரிங்க. காலையிலேர்ந்து நாலு மெஷினைச் சாகடிச்சிருக்கா.”

“நான் ஏன் அத்தை சாகடிக்கறேன்?”

“ஆபீஸ்ல மேடம்!”

“நான் ஏன் மேடம் சாகடிக்கறேன்? உங்க இமேஜ்லதான் ஏதோ கோளாறு.”

“இருபத்தெட்டு வருஷமா லினக்ஸ் கட்டறேன். என் கையால செஞ்சது நாலாவது நிமிஷத்துல வாயைப் பொளந்ததா சரித்திரமே இல்லை!”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க!” இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். “கொலைன்னா சாட்சி வேணும். அந்த மூணாவது க்ளவுட்காரனுக்கு ஆள் யாராவது இருக்கானா?”

இருந்தான். போனில்.

டெஸ்டர் ஸ்பீக்கரைப் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றது ஒரு குரல். பிறகு புல்லாங்குழல். மறுபடி முக்கியம். மறுபடி புல்லாங்குழல். முக்கியத்துவம் ஒன்றேகால் மணி நேரம் நீடித்தது. இன்ஸ்பெக்டர் தாளம் போட ஆரம்பித்திருந்தார்.

மணி மூன்று ஐம்பத்தைந்து.

“வணக்கம், சொல்லுங்க” என்றது மனிதக் குரல்.

டெஸ்டர் செத்த மெஷின்களின் நம்பரை மளமளவென்று ஒப்பித்தாள். “நாலும் ஏன் செத்துச்சு?”

கீபோர்ட் சத்தம் கேட்டது.

“அதுவா சாகலை மேடம். அழிக்கச் சொல்லிக் கட்டளை வந்திருக்கு.”

“எங்கேர்ந்து?”

“உங்க ஆபீஸ்லேர்ந்துதான்...”

மூன்று பேரும் போனை நோக்கிக் குனிந்தார்கள்.

“யாரோட சாவியில?” என்றார் மாமியார். க்ளவுடில் ஆளுக்கொரு சாவி உண்டு. யார் என்ன செய்தாலும் அவரவர் சாவியின் பெயர் பதிவாகிவிடும்.

“ஒரு நிமிஷம்... டெஸ்டர்னு போட்டிருக்கு.”

டெஸ்டரின் முகம் வெளிறிப்போனது.

மாமியார் மெதுவாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “எனக்கு அப்பவே தெரியும்.”

“நான் இல்லை அத்தை! சத்தியமா நான் இல்லை!”

இன்ஸ்பெக்டரின் கை இடுப்பில் இருந்த விலங்குக்குப் போனது.

“இருங்க சார்! என் சாவி இன்னொருத்தன்கிட்டயும் இருக்கு!”

“யாருகிட்ட?”

“துடைப்பம்!”

இன்ஸ்பெக்டர் அறையின் மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

“அது இல்லை சார். அது ஒரு ப்ரோக்ராம். பரீட்சை முடிஞ்ச மெஷினைச் சில சமயம் அழிக்க மறந்துடுவோம். கேட்பாரில்லாம ஓடிட்டே இருக்கும். அதைப் பெருக்கித் தள்ள மூணு வருஷம் முன்னாடி நான்தான் எழுதினேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டியலைப் பார்க்கும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வயசான மெஷின் இருந்தா அழிச்சுடும்.”

“அப்படீன்னா அவன்தான் குற்றவாளி!”

“அதான் இல்லையே சார்! செத்ததெல்லாம் நாலு நிமிஷக் குழந்தைங்க. துடைப்பம் குழந்தையைத் தொடாது. அதனாலதான் நான் சந்தேகப்படவே இல்லை.”

மாமியார் இடுப்பில் கை வைத்தார். “பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துட்டுத்தான் வாங்குறே. உலகத்துல நீ சந்தேகப்படாததும் ஒண்ணு இருக்கா?”

“அதை நான் எழுதினேனே அத்தை!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

மாமியார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை நாலு சீட்டுக்குச் சமம்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். “எப்படியோ கேஸை எழுதித்தான் ஆகணும். இறந்தவர் பெயர்... மெஷின். தொழில்... பரீட்சை எழுதுவது. வயசு?”

“நாலு நிமிஷம்” என்றாள் டெஸ்டர்.

“எழுதாதீங்க!” மாமியார் படிவத்தின் மேல் கையை வைத்தார். “அவ வாயால சொல்றதை எழுதாதீங்க. சான்றிதழைப் பார்த்து எழுதுங்க.”

“மெஷினுக்குப் பிறப்புச் சான்றிதழா?”

“உண்டு சார். ஒவ்வொரு மெஷினும் கண்ணைத் தொறந்ததும் தன் பொறந்த நேரத்தைத் தானே ஒரு சீட்டுல எழுதி நெத்தியில ஒட்டிக்கும். துடைப்பம் அதைப் பார்த்துத்தான் வயசு கணக்குப் பண்ணும்.” மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். “இன்னொண்ணைப் பொறக்க வை.”

“ஐயோ... அதுவும் செத்துடுமே!”

“நாலு நிமிஷம் இருக்குல்ல? அதுக்குள்ள பார்த்துடலாம்.”

ஐந்தாவது மெஷின் பிறந்தது!

மூன்று தலைகள் ஒரே திரையில் முட்டிக்கொண்டன. மாமியார் மூன்று கட்டளை தட்டினார். சீட்டு விரிந்தது.

பிறந்த தேதி... 1970, ஜனவரி 1.

“என்னது!” மாமியார் நெஞ்சில் கை வைத்தார். “எனக்கே மூத்தவனா?”

“அரை நூற்றாண்டு தாண்டிட்டான்!” என்றார் இன்ஸ்பெக்டர்.

டெஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “மணி தெரியாத லினக்ஸ், அந்தத் தேதியிலேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும் சார். முதல் ரெண்டு க்ளவுட்லயும் பொறக்கும்போதே அவங்களே மணியைச் சொல்லிடுவாங்க. மூணாவதுல சொல்ல மாட்டாங்க. மெஷின்தான் நெட்வொர்க்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் இமேஜ்ல இருபது செகண்ட் காத்திருக்கணும்னு ஒரு வரி இருக்குமே... அதை யாரு எடுத்தது?”

மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அத்தை?”

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“போன வாரம் ரிப்போர்ட்ல நீதானே எழுதினே... மெஷின் எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுக்குதுன்னு? எல்லாரும் படிக்கற மாதிரி? பெரிய எழுத்துல?”

“அதுக்காக?”

“ரோஷம் வந்துச்சு. எடுத்துட்டேன்.”

அந்த நொடியில் திரை ஒரு தடவை சிமிட்டியது. நாலாவது நிமிடம்! ஐந்தாவது மெஷின் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

“பட்டியல்ல பேர் ஏற மூணு நிமிஷம், நாலாவதுல வெட்டு” என்றாள் டெஸ்டர். “என் துடைப்பம்தான்... நான்தான் கொன்னிருக்கேன்.”

“ஆக...” இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணினார். “மருமக குறை சொன்னாங்க. மாமியாருக்கு ரோஷம் வந்துச்சு. குழந்தை கிழவனாச்சு. கிழவனை மருமகளோட துடைப்பம் பெருக்கித் தள்ளிடுச்சு. இது கொலை கேஸே இல்லம்மா. அசல் குடும்பத் தகராறு!”

படிவத்தை நாலாகக் கிழித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. முடிவு தெரியாமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது.

“அத்தை, இமேஜ் செய்ய எவ்வளவு நேரம்?”

“இருபத்தாறு நிமிஷம். உன் பரீட்சை பதினொண்ணு. இப்ப மணி என்ன?”

“நாலு பதினாலு!”

மாமியார் ஓடினார். அந்த வயதில் அந்தச் செருப்போடு அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. எடுத்த வரியைத் திரும்பப் போட்டார். சரிபார்த்தார். நாலு பத்தொன்பதுக்கு எந்திரம் இமேஜைக் கட்ட ஆரம்பித்தது.

இந்தப் பக்கம் டெஸ்டர் துடைப்பத்தைப் பிரித்துப் போட்டாள். இனி மெஷின் நெற்றியில் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். க்ளவுட் கம்பெனியின் பதிவேட்டிலேயே பிறந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். விரல்கள் பறந்தன. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

நாலு நாற்பத்தொன்று.

“முடிச்சுட்டேன்! துடைப்பத்தைத் திரும்ப ஓட விடறேன்...”

“நில்லு!” பின்னால் மாமியார். “இதை யாரு டெஸ்ட் பண்ணினது?”

“நேரமில்லை அத்தை!”

“தள்ளு!”

மாமியார் குனிந்தார். கண் திரையில் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓடியது. பதினேழாவது வரியில் நின்றது.

“ரெண்டு மணி நேரத்துக்கு மேலன்னு இருக்கணும். நீ என்ன எழுதியிருக்கே?”

டெஸ்டர் பார்த்தாள்.

ரெண்டு நிமிடம்!

“இதை ஓட விட்டிருந்தா மூணு க்ளவுட்லயும் மொத்தக் குடும்பத்தையும் தீர்த்துக் கட்டியிருப்பே!”

இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் சற்று முன்பே அறைக்குள் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

திருத்தினாள். மாமியார் தலையசைத்தார். துடைப்பம் ஓடத் தொடங்கியது.

நாலு நாற்பத்தைந்து. புது இமேஜ் தயார்! மூன்று க்ளவுடிலும் மூன்று மெஷின்கள் பிறந்தன.

ஒரு நிமிடம்...

இரண்டு...

மூன்று...

டெஸ்டர் தன்னை அறியாமல் மாமியாரின் கையைப் பிடித்திருந்தாள். மாமியாரும் உதறவில்லை.

நாலு!

திரை சிமிட்டவில்லை. மூன்றாவது க்ளவுடில் அந்தக் குழந்தை ஜம்மென்று உட்கார்ந்து அடுத்த கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது.

நாலு ஐம்பத்தாறுக்கு திரையில் மூன்று கட்டமும் பச்சை, மூன்றும் பாஸ். நாலு ஐம்பத்தெட்டுக்கு இமேஜ் வெளியே போனது!

மாடியே கைதட்டியது. இன்ஸ்பெக்டர் விசிலடித்தார். டெஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பித்தாள்! அத்தைக்கு வேலை இருக்கிறது. வீட்டுச் சுவர் பிழைத்தது. இந்த உலகத்தில் இனி அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

“மேடம்” என்றார் மேனேஜர், மாமியாரைப் பார்த்து. “ஓய்வுப் பேச்சையே விட்டுடுங்க. அது முடிஞ்சுபோன விஷயம்.”

“ரொம்ப நன்றி சார்!” என்று முந்திக்கொண்டாள் டெஸ்டர்.

“இருங்க, நான் இன்னும் முடிக்கலை. மூணு வருஷமா ஓடற துடைப்பத்தை நீங்க ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணலை. அவங்கதான் சீட்டைக் கேட்டாங்கன்னு இன்ஸ்பெக்டர் சொன்னார். ரெண்டு நிமிஷத்தையும் ஒரே பார்வையில பிடிச்சாங்க. நான் கண்ணால பார்த்தேன். உங்களுக்கு நல்லா எழுத வருது. அவங்களுக்கு நல்லா குறை கண்டுபிடிக்க வருது.”

டெஸ்டர் மாமியாரின் கையை மெதுவாக விட்டாள்.

“அதனால... திங்கட்கிழமையிலேர்ந்து இடத்தை மாத்திக்கோங்க. இமேஜ் செய்யப் போறது நீங்க. டெஸ்ட் பண்ணப் போறது மேடம்!”

இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடியும் கழற்றினார். இந்தத் தடவை யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை.

மாமியார் கைப்பையைத் திறந்து புத்தம் புதுச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். மருமகளின் தோளில் ஆதரவாக ஒரு தட்டுத் தட்டினார்.

“பயப்படாதேம்மா! ஆபீஸ்ல எட்டு மணி நேரம் சம்பளத்துக்கு... மிச்சம் பதினாறு மணி நேரம் நம்ம வீட்டுப் பொண்ணாச்சேன்னு இலவச சர்வீஸ்!”